தாவர ஆர்.என்.ஏ.விலிருந்து முழு நீள மரபணு: நழுவிப்போகும் 5′ முனையைப் பிடிப்பது எப்படி?

ஒரு மரபணுவின் 5′ முனையை (ஆர்.என்.ஏ.வின் தொடக்க முனை; 3′ என்பது கடைசி முனை) பிடிக்க நான்கு முறை முயன்றேன். நான்கு முறையும் துண்டு ஒரே இடத்தில் வந்து நின்றது. அப்படியானால் இந்த மரபணுவின் படியெடுப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது என்று முடிவு கட்டிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். அது புல் குடும்பத்துச் செடி ஒன்றின் மரபணு. நெல்லில் அதற்கு இணையான புரதத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டபோதுதான் முன்பகுதியில் 60க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் இல்லாதது தெரிந்தது. மூன்று மாத வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று.

அதனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். துண்டு எப்போதும் ஒரே இடத்தில் முடிகிறது என்பது அதுதான் மரபணுவின் முனை என்பதற்குச் சான்று ஆகாது. ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதி 3′ முனையில் ஏறி 5′ முனையை நோக்கிப் போகிறது. வழியில் இறுகிய மடிப்பு ஒன்று இருந்தால் ஒவ்வொரு முறையும் அங்கேயேதான் இறங்கும். நெல், சோளம் போன்ற புல் குடும்பத்துச் செடிகளில் பல மரபணுக்களின் 5′ பக்கத்தில்தான் ஜி, சி எழுத்துகள் அதிகம். மடிப்பு இறுகுவதும் அங்கேதான்.

பி.சி.ஆர்., ஜெல், டிரான்ஸ்ஃபர்மேஷன் எல்லாம் உங்களுக்குப் பழக்கம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: ஆர்.என்.ஏ.

இளம் இலைக்கு, ஆர்.என்.ஏ.வைப் பிரிக்கும் டிரைசால் கரைசல் போதும். முதிர்ந்த இலை, பழம், மரப்பட்டை, விதை என்றால் டிரைசாலை விட்டுவிடுங்கள். பீனாலும் மாவுச்சத்தும் ஆர்.என்.ஏ.வோடு சேர்ந்தே வந்துவிடும். நான் சி.டி.ஏ.பி. என்ற சோப்பு போன்ற வேதிப்பொருளால் பிரிக்கும் முறையைத்தான் நம்புகிறேன். 2% சி.டி.ஏ.பி., 2% பி.வி.பி. (பீனாலைப் பிடித்துக்கொள்ளும்), 2 மோலார் உப்பு சேர்ந்த கரைசலை 65 டிகிரிக்குச் சூடாக்கி, பீட்டா மெர்காப்டோஎத்தனாலைக் கடைசி நேரத்தில் 2% அளவுக்குச் சேர்க்க வேண்டும். குளோரோஃபார்ம் சுத்திகரிப்பு இரண்டு முறை. பிறகு 10 மோலார் லித்தியம் குளோரைடைக் கால் பங்கு சேர்த்து 4 டிகிரியில் இரவு முழுக்க வைத்துவிடுங்கள். லித்தியத்தில் நீளமான ஆர்.என்.ஏ. படியும், மாவுச்சத்தும் டி.என்.ஏ.வும் பெரும்பாலும் மேலேயே நின்றுவிடும்.

பெல்லட்டை 70% எத்தனாலில் இரண்டு முறை கழுவுங்கள். ஒரு முறை போதாது. மிச்சமிருக்கும் குளோரைடு அடுத்த படியில் நொதியைத் தடுக்கும். 260, 280 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சும் அளவுகளின் விகிதம் (260/280, புரதக் கலப்பைக் காட்டுவது) 2ஐ ஒட்டி இருந்தால் எல்லோரும் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது மாவுச்சத்து, பீனால் கலப்பைக் காட்டும் 260/230 விகிதத்தை. அது 1.8க்குக் கீழே போனால் அந்த சாம்பிளில் மேற்கொண்டு எதையும் செய்ய மாட்டேன்.

மிச்ச டி.என்.ஏ.வை அழிக்கப் போடும் டி.என்.ஏஸ் நொதியை நிறுத்தச் சூடாக்கும் முன் ஈ.டி.டி.ஏ. சேர்க்க மறக்காதீர்கள். மக்னீசியம் இருக்கும்போது சூடாக்கினால் ஆர்.என்.ஏ. துண்டு துண்டாகும்.

இலை ஆர்.என்.ஏ.வை ஜெல்லில் ஓட்டியதும் பலர் பயப்படுவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பேண்ட் வர வேண்டிய இடத்தில் நான்கு, ஐந்து தெரியும். கூடுதலாக வருபவை பசுங்கணிகத்தின் ரைபோசோம் ஆர்.என்.ஏ. அதன் 23எஸ் மூலக்கூறு செடிக்குள்ளேயே இயல்பாக உடைந்திருக்கும். பெரிய இரண்டு பேண்டுகள் கூர்மையாக இருந்தால் சாம்பிள் நன்றாகத்தான் இருக்கிறது, கொட்டிவிடாதீர்கள்.

படி 2: முதல் இழை, அதாவது ஆர்.என்.ஏ.விலிருந்து எடுக்கும் டி.என்.ஏ. நகல் (சி.டி.என்.ஏ.) (நான் தடுக்கி விழுந்த இடம்)

5′ முனையைப் பிடிக்க இரண்டு வழிகள் பரவலாக உண்டு. ஒன்றில், கேப் (ஆர்.என்.ஏ.வின் 5′ முனையில் இருக்கும் மூடி) இல்லாத உடைந்த ஆர்.என்.ஏ.க்களின் பாஸ்பேட்டை முதலில் நீக்குவார்கள். பிறகு முழு ஆர்.என்.ஏ.வின் கேப்பைக் கழற்றி, அந்த இடத்தில் ஓர் ஆர்.என்.ஏ. அடாப்டரை (வரிசை தெரிந்த சிறு துண்டு) ஒட்டுவார்கள். முனை உண்மையானதுதான் என்பதற்கு இது வலுவான சான்று தரும். ஆனால் படிகள் அதிகம், ஒவ்வொன்றிலும் ஆர்.என்.ஏ. குறையும். முதன்முதலில் செய்கிறவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

மற்றொன்று டெம்ப்ளேட் ஸ்விட்சிங். எம்.எம்.எல்.வி. வகை ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதி ஆர்.என்.ஏ.வின் கடைசியை எட்டியதும், வார்ப்பில் (படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ.வில்) இல்லாத சில சி எழுத்துகளைத் தானாகவே சேர்க்கும். மூன்று ரைபோ ஜி (ஆர்.என்.ஏ. வகை ஜி) எழுத்துகளில் முடியும் ஓர் ஆலிகோவை (செயற்கையாகச் செய்த குட்டை இழை) டியூபில் போட்டிருந்தால், அது அந்த சி எழுத்துகளோடு இணையும். நொதி ஆலிகோவுக்குத் தாவி அதையும் படியெடுத்துவிடும். இப்படியாக, முனையில் நமக்குத் தெரிந்த வரிசை ஒன்று வந்து சேர்கிறது. ஒரே டியூபில் எல்லாம் முடிந்துவிடும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மடிப்பைப் பிரிக்க 50, 55 டிகிரி வேண்டும். ஆனால் மூன்றே எழுத்துகளில் பிடித்துக்கொண்டிருக்கும் அந்த இணைப்புக்கு 42 டிகிரிதான் ஒத்துவரும். வெறும் 42இல் வைத்தேன், மடிப்பில் நின்றது. 55க்கு ஏற்றினேன், எதுவுமே வரவில்லை. என் தோல்விகள் இந்த இரண்டுக்கும் நடுவில் அலைந்ததால் வந்தவை.

வழி கிடைத்தது செடிகளுக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்திலிருந்து. ஒற்றைச் செல் ஆர்.என்.ஏ. ஆய்வுக்காக 2013இல் வெளிவந்த ஸ்மார்ட்-செக்2 முறையில் இதே சிக்கலை வேறுவிதமாகக் கையாண்டிருந்தார்கள். அதைத் தழுவி இப்போது நான் செய்வது இதுதான்:

ஆர்.என்.ஏ. 1 மைக்ரோகிராமைப் பிரைமரோடு 72 டிகிரியில் 3 நிமிடம் வைத்து, உடனே ஐஸில் இறக்குங்கள். மெதுவாக ஆறவிட்டால் மடிப்பு திரும்பிவிடும். பிறகு பஃபர், ஆர்.என்.ஏஸ் தடுப்பான், ஆலிகோ, நொதி ஆகியவற்றோடு, மடிப்பைத் தளர்த்தும் பீட்டைனை 1 மோலார் அளவுக்கும், மக்னீசியம் குளோரைடைக் கூடுதலாக 6 மில்லிமோலார் அளவுக்கும் சேர்க்கவும். 42 டிகிரியில் 90 நிமிடம். அதன்பின் 50 டிகிரியில் 2 நிமிடம், 42 டிகிரியில் 2 நிமிடம் என்று பத்துச் சுற்று. கடைசியாக 70 டிகிரியில் 15 நிமிடம். சூடு ஏறும்போது மடிப்பு அவிழ்கிறது, இறங்கும்போது ஆலிகோ வந்து ஒட்டுகிறது.

பிரைமர் விஷயத்திலும் என் பழக்கம் மாறியது. 5′ முனைக்கு, ஆர்.என்.ஏ.வின் கடைசியிலுள்ள பாலி-ஏ வாலில் ஒட்டும் ஆலிகோ டி.டி. பிரைமரை நான் இப்போது பயன்படுத்துவதில்லை. 3 கிலோபேஸ் (3,000 எழுத்து) தூரத்தை ஒரே மூச்சில் கடக்கச் சொல்வதைவிட, தெரிந்த பகுதியின் முன்விளிம்பிலிருந்து 300 முதல் 500 பேஸ் உள்ளே மரபணுவுக்கே உரிய பிரைமர் ஒன்றை வைத்துத் தொடங்குவது மேல். சரிபார்க்க, டெம்ப்ளேட் ஸ்விட்சிங் ஆலிகோ போடாத டியூப் ஒன்று, நொதி போடாத டியூப் ஒன்று, இரண்டையும் கூடவே ஓட்டுங்கள்.

3′ முனை சுலபம். ஆலிகோ டி.டி. அடாப்டர் போதும். பல நீளங்களில் துண்டு வந்தால் குழம்ப வேண்டாம். தாவர மரபணுக்களில் பாலி-ஏ சேரும் இடம் ஒன்றுக்கு மேல் இருப்பது சகஜம்.

படி 3: பி.சி.ஆர்., ஜெல்

பிரைமரின் உருகுநிலை 70 டிகிரியை ஒட்டி இருக்கட்டும். வெப்பநிலையைப் படிப்படியாக இறக்கும் டச்-டவுன் முறையில் 72இல் ஐந்து சுற்று, 70இல் ஐந்து, 68இல் இருபத்தைந்து. வந்ததை 50 மடங்கு நீர்த்து, உட்புறப் பிரைமரால் மீண்டும் ஒரு முறை. பிழை குறைந்த பாலிமரேஸையே எடுங்கள். ஃபியூஷன், க்யூ5, கே.ஓ.டி. எதுவானாலும் சரி. டாக் பாலிமரேஸ் வேண்டாம். டி.எம்.எஸ்.ஓ. 3 முதல் 5% வரை உதவும், 10ஐத் தாண்டினால் கெடுக்கும்.

ஜெல்லில் பளிச்சென்று தெரியும் பேண்டை வெட்டத்தான் கை போகும். பி.சி.ஆரில் குட்டைத் துண்டுகளே வேகமாகப் பெருகும், ஆகவே பளிச்சென்று இருப்பது பெரும்பாலும் பாதியில் நின்ற துண்டு. அதற்கு மேலே மங்கலாக இருப்பதையும் தனியாக வெட்டுங்கள். எதுவும் தெரியாவிட்டாலும் மேலே ஒரு சென்டிமீட்டர் ஜெல்லை வெட்டிச் சுத்தம் செய்து, மறுபடி பெருக்கிப் பாருங்கள். எனக்கு விடுபட்ட முன்பகுதி அப்படித்தான் கிடைத்தது. குறைந்த அலைநீளப் புறஊதா ஒளியில் வெட்டினால் டி.என்.ஏ. சேதமாகும், நீல ஒளி மேடை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

படி 4: முனையைப் படிப்பது

குறைந்தது பத்துக் காலனிகளையாவது சீக்வென்ஸ் செய்யுங்கள். ஆலிகோவின் மூன்று ஜி எழுத்துகளுக்குப் பிறகு ஜீனோமில் இல்லாத இன்னொரு ஜி இருந்தால் மகிழலாம். நொதி கேப்பைத் தொட்டுவிட்டதற்கு அது நல்ல அடையாளம். மாறாக, துண்டு முடியும் இடத்துக்குச் சற்று முன்னால் ஜீனோமிலேயே ஜி.ஜி.ஜி. இருந்தால் சந்தேகப்படுங்கள். ஆலிகோ நடுவழியில் புகுந்து ஒட்டியிருக்கலாம். முதல் ஏ.டி.ஜி.க்கு (புரதம் தொடங்கும் குறி) மேலே அதே சட்டகத்தில் நிறுத்தக் குறியன் ஒன்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் புரதப் பகுதி முழுதாக வந்துவிட்டது என்று சொல்லலாம்.

ஒப்பிட இணை மரபணு வேண்டுமென்றால் ஜப்பானிகா நெல்லின் 28,000க்கும் மேற்பட்ட முழு நீள சி.டி.என்.ஏ. குளோன்கள் 2003லேயே வெளியாகிவிட்டன. என் தவறை எனக்குக் காட்டியதும் அப்படியொரு வரிசைதான். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

படி 5: ஒட்டிச் சேர்க்காதீர்கள்

5′ துண்டும் 3′ துண்டும் கையில் வந்ததும், கணினியில் இரண்டையும் ஒட்டிவிட்டு முழு மரபணு கிடைத்துவிட்டது என்று சொல்லிவிடத் தோன்றும். தாவரங்களில் இது ஆபத்து. மரபணுக்கள் குடும்பம் குடும்பமாக இருக்கின்றன. ரொட்டிக் கோதுமையில் ஒரே மரபணு ஏ, பி, டி என மூன்று ஜீனோம்களிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அண்ணனின் தலையும் தம்பியின் காலும் சேர்ந்த ஒரு வரிசை உங்களிடம் இருக்கலாம். அப்படி ஒரு மரபணு எந்தச் செடியிலும் இல்லை.

5′ யு.டி.ஆரில் (புரதமாக மாறாத முனைப்பகுதி) ஒரு பிரைமர், 3′ யு.டி.ஆரில் ஒரு பிரைமர். புதிதாகச் செய்த சி.டி.என்.ஏ.விலிருந்து ஒரே துண்டாக எடுங்கள். தனித்தனியாக இரண்டு பி.சி.ஆர்., ஒவ்வொன்றிலும் மூன்று குளோன். ஒரே ஒரு குளோனில் மட்டும் உள்ள மாற்றம் பெரும்பாலும் பி.சி.ஆர். பிழை. இரண்டு பி.சி.ஆரிலும் திரும்பத் திரும்ப வரும் மாற்றம் அல்லீலாகவோ (அதே மரபணுவின் மாற்று வடிவம்) உறவு மரபணுவாகவோ இருக்கலாம்.

பிற்சேர்க்கை 1: “பேண்ட் நன்றாக வந்தது, டி.ஏ. வெக்டரில் ஒரு காலனிகூட இல்லை” என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். டி.ஏ. வெக்டர் முனையில் ஒரு ஏ நீட்டிக்கொண்டிருக்கும் துண்டைத்தான் ஏற்கும், மேலே சொன்ன பாலிமரேஸ்கள் முனையில் ஏ சேர்ப்பதில்லை. முதலில் துண்டைச் சுத்தம் செய்யுங்கள், இல்லையென்றால் பழைய பாலிமரேஸ் சேர்க்கும் ஏ எழுத்தை வெட்டிவிடும். பிறகு டி.ஏ.டி.பி. (ஏ எழுத்துக்கான மூலப்பொருள்), டாக் இரண்டும் சேர்த்து 72 டிகிரியில் 20 நிமிடம் வைத்தால் போதும்.

பிற்சேர்க்கை 2: முதல் இழை முடிந்ததும் ஆர்.என்.ஏஸ் எச் (டி.என்.ஏ.வோடு ஒட்டிய ஆர்.என்.ஏ.வை அழிக்கும் நொதி) சேர்க்க வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். படி 5இல் நீளமான துண்டு எடுக்கும்போது அவசியம் சேருங்கள், 37 டிகிரியில் 20 நிமிடம். 2 கிலோபேஸுக்கு மேல் எனக்கு அது நல்ல வித்தியாசம் காட்டியது. 5′ துண்டுக்கு நான் சேர்ப்பதில்லை.