குமரி மாவட்டத்து ஊர் ஒன்றின் காட்டு வரலாற்றை எழுதத் தொடங்கும் முறை

முதலில் ஊர்ப்பெயர்களைத் தொகுத்துக்கொள்ளுங்கள். மருதங்கோடு, புன்னைநகர் போன்ற பெயர்கள் மரங்களை நினைவூட்டினாலும், பெயர் மட்டுமே சான்றாகிவிடாது.

அடுத்து, பத்மநாபபுரம் அரண்மனையை ஒருமுறை நிதானமாகச் சுற்றிப்பார்த்து, அதன் பழைய பகுதியான தாய்க்கொட்டாரத்தின் பலாமரத் தூணின் முன் சற்று நின்று, அத்தனை மரம் எந்த மலையிலிருந்து, எவ்வழியாக, யாருடைய உழைப்பில் வந்திருக்கும் என்ற கேள்விகளைக் குறித்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், உண்மையான ஆய்வு அங்கேதான் தொடங்குகிறது. தேக்கு, ஈட்டி, சந்தனம் ஆகியவற்றை, அன்று இப்பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் அரசு தன் உடைமையாக வைத்திருந்ததால், சொந்த நிலத்தில் நின்ற மரத்தைக்கூடக் குடியானவர் விருப்பம்போல் வெட்ட முடியவில்லை. ஆகவே பழைய நிலப்பத்திரங்களில் மரங்களைப் பற்றிய வரிகளை விடாமல் படியுங்கள்.

குமரி தமிழகத்துடன் இணைந்த 1956 நவம்பர் 1-க்கு முந்தைய ஆவணங்கள் பல மலையாளத்தில், கேரள வழக்கான கொல்லம் ஆண்டுக் கணக்கில் இருக்கும். அந்த எண்ணுடன் 825-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். ஆவணி முதல் மார்கழி நடுப்பகுதி வரையிலான தேதிகளுக்கு 824-ஐக் கூட்ட வேண்டும். இங்கே தவறுபவர்கள் பலர்.

பேச்சிப்பாறைப் பக்கத்துக் காணிப் பழங்குடி மக்களிடம் பேசும்போது, அவர்கள் இசைவின்றி எதையும் பதிவுசெய்யாதீர்கள். காடு எங்கே ரப்பர் தோட்டமாயிற்று என்பதை முதியவர்களே துல்லியமாகக் காட்டுவார்கள்.