தைத்த பேண்ட், வண்டிக்கடை சிக்கன் 65

எனக்கு இடுப்பு 38 அங்குலம், தொடை கொஞ்சம் தாராளம். ரெடிமேடில் இடுப்பு சரியாக இருந்தால் தொடை பிடிக்கும். தொடை சரியானால் இடுப்பில் இன்னொரு ஆள் நுழையலாம். அதனால் நாலு வருடமாகத் தைத்துத்தான் போடுகிறேன்.

58 அங்குல அகலத் துணி என்றால் 1.30 மீட்டர் போதும். காட்டன் என்றால் ஒரு தடவை நனைத்துக் காயவைத்துக் கொடுங்கள். இல்லையென்றால் முதல் சலவையிலேயே கணுக்கால் தெரியும். அளவெடுக்கும்போது பர்ஸ், போன் எல்லாம் வெளியே. வழக்கமாகப் போடும் ஷூவோடு நில்லுங்கள். வயிற்றை எக்க வேண்டாம். நான் எக்கினேன், தீபாவளி பேண்ட் பொங்கலுக்குத்தான் திருத்தி வந்தது. "பின் தையல்ல ஒன்றரை இஞ்ச் துணி விடுங்கண்ணே" என்று மறக்காமல் சொல்லுங்கள், பிறகு பிரித்துக்கொள்ளலாம். போட்டுப் பார்க்கும்போது நின்றால் போதாது, ஸ்டூலில் உட்காருங்கள்.

அப்புறம் சிக்கன் 65. சென்னை புகாரி ஓட்டலில் 1965-இல் வந்தது என்பார்கள்; எனக்குத் தெருமுனை வண்டியே போதும். மாலை ஆறரைக்கே போய்ச் சட்டியைப் பாருங்கள். எண்ணெய் கறுத்து நுரைத்தால் நகர்ந்துவிடுங்கள். கழுவியும் விரலில் சிவப்பு போகவில்லையா, அது மிளகாய் இல்லை, கலர். குவித்து வைத்ததை விட்டுவிட்டு, எலும்போடு 100 கிராம் புதிதாகப் போடச் சொல்லுங்கள். கறிவேப்பிலை கடைசியில்தான் விழ வேண்டும். கை துடைக்கப் பேப்பர் கேளுங்கள், பேண்ட் புதுசு.