நூறு நாள் வேலையும் ரிக்ரெஷனும்: ஆய்வு மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

பொருளாதாரத் துறையில் பிஎச்.டி. வரைவுகளைப் படிக்கிறபோது அடிக்கடி கண்ணில் படும் தலைப்பு நூறு நாள் வேலைத் திட்டம். டேட்டா கையில் கிடைக்கிறது, ரிக்ரெஷன் (ஒன்று மாறினால் இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கும் கணக்கு) போடலாம், ஊருக்குச் சம்பந்தமான விஷயமும்கூட. நல்ல தலைப்புதான். ஆனால் ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே பாதிக் காரியம் கெட்டிருக்கும்.

பெரிய சறுக்கல் ஒப்பீட்டில். திட்டம் 2006 பிப்ரவரியில் 200 மாவட்டங்கள், 2007-இல் இன்னொரு 130, 2008 ஏப்ரலில் மிச்சம் என்று மூன்று கட்டமாக வந்தது. தமிழ்நாட்டில் முதலில் வந்தவை ஆறு: கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை. இவற்றைக் கோயம்புத்தூரோடு வைத்து, ‘திட்டம் வந்த இடத்தில் கூலி குறைவு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பின்தங்கிய மாவட்டம் என்றுதானே முதலில் கொடுத்தார்கள்! கூலியின் அளவை விட்டுவிட்டு மாற்றத்தை ஒப்பிடுங்கள். திட்டம் வருவதற்கு முந்தைய ஆண்டுகளில் இரு தரப்பிலும் கூலி ஒரே போக்கில் நகர்ந்ததா என்று வரைந்தும் பாருங்கள். 2011-12 சர்வேயை வைத்துக்கொண்டு திட்டம் வராத மாவட்டத்தைத் தேடுகிறவர்களும் உண்டு. அதற்குள் கிராமம் உள்ள மாவட்டம் எல்லாவற்றுக்கும் வந்தாயிற்று.

அடுத்தது மாவட்டப் பெயர். 2001 சென்சஸில் கோயம்புத்தூர் மாவட்ட மக்கள்தொகை 42 லட்சத்துக்கு மேல். 2011-இல் 34 லட்சத்துச் சொச்சம். யாரும் ஊரைக் காலி செய்துவிட்டுப் போகவில்லை. 2009-இல் கோவை, ஈரோட்டிலிருந்து பிரித்துத் திருப்பூரை உண்டாக்கினார்கள். தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-இல். பெயரை மட்டும் பார்த்து இரண்டு ஃபைலை மெர்ஜ் செய்தால் கம்ப்யூட்டர் மறுப்பு சொல்லாது. பிரிந்தவற்றைப் பழைய எல்லைக்கே திரும்பச் சேர்த்துவிட்டு வேலையைத் தொடங்குவது உத்தமம்.

கேள்வித்தாளையும் படியுங்கள். 1999-2000 தேசிய மாதிரி ஆய்வில் உணவுச் செலவை 7 நாளுக்கும் 30 நாளுக்கும் சேர்த்தே கேட்டார்கள். 1993-94-இல் 30 நாள் கணக்கு மட்டும்தான். கேட்ட விதம் மாறியதால் இரண்டையும் நேராக ஒப்பிட முடியவில்லை. வறுமை எவ்வளவு குறைந்தது என்ற சண்டை வருடக்கணக்கில் ஓடியது இதனால்தான்.

கன்ட்ரோல் (கூடவே கணக்கில் சேர்க்கும் மற்றக் காரணிகள்) எவ்வளவு சேர்த்தாலும் நல்லது என்றொரு நம்பிக்கை உண்டு. கூலியை ஆராயும்போது ‘வெளியூர் வேலைக்குப் போனாரா’ என்பதையும் சேர்த்துவிடுகிறார்கள். உள்ளூரில் வேலை கிடைத்ததால் போகாமல் இருந்தவர்கள் இருப்பார்களே! திட்டத்தின் விளைவையே கன்ட்ரோலாகப் போட்டால், அளக்க வந்ததில் ஒரு பங்கு காணாமல் போகும்.

கடைசியாக ஸ்டாண்டர்ட் எரர், அதாவது நம் மதிப்பீடு எவ்வளவு தடுமாறக்கூடும் என்ற அளவு. ஒரே மாவட்டத்து 500 வீடுகள் 500 தனித்தனிச் சாட்சிகள் ஆகா. பெர்ட்ரண்ட், டுஃப்லோ, முல்லைநாதன் என்ற பொருளாதார அறிஞர்கள் மூவரும் 2004-இல் வெளியான ஆய்வில், இல்லாத சட்டங்களை அமெரிக்க மாநிலங்களுக்குக் கற்பனையாக ஒதுக்கிப் பார்த்தார்கள். தற்செயலாக 100-க்கு 5 முறை மட்டும் வரவேண்டிய ‘தாக்கம்’ 45 முறை வரை வந்தது. மாவட்ட அளவில் கிளஸ்டர் செய்யுங்கள், அதாவது ஒரே மாவட்டத்து வீடுகளை ஒரு குழுவாக வைத்து ஸ்டாண்டர்ட் எரரைக் கணக்கிடுங்கள். தமிழ்நாட்டை மட்டும் எடுத்தால் திட்டம் முதலில் வந்த மாவட்டங்கள் ஆறுதான். அது போதாது, பக்கத்து மாநிலங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.