ட்யூபில் தங்கிய கரு: மறுபக்கத்தையும் பார்த்துவிட்டு வெட்டுங்கள்

கரு கருப்பைக்குள் வந்து சேராமல், சினைப்பைப் பக்கமிருந்து கருப்பைக்கு வரும் குழாயான ட்யூபிலேயே தங்கிவிடுவதைப் பற்றிப் பேசுகிறேன். நாள் தள்ளிப்போய், லேசான ரத்தக்கசிவோடும் ஒரு பக்க அடிவயிற்று வலியோடும் வருகிற பெண்ணிடம், "தோள்பட்டை வலிக்குதாம்மா?" என்று கேட்காமல் விடமாட்டேன். வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் உதரவிதானத்தை (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) உறுத்தினால் வலி தோளில் தெரியும். ஆமாம் என்கிறாள், நாடியும் ஓடுகிறது என்றால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். ரத்தத்துக்குச் சொல்லிவிட்டுத் தியேட்டருக்குக் கிளம்புங்கள்.

உடல்நிலை நிலையாக இருப்பவளுக்கு யோனிவழி ஸ்கேனும், ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோனான பீட்டா எச்.சி.ஜி.யின் அளவும். அளவு 3,500 யூனிட்டைத் (mIU/mL) தாண்டியும் கருப்பைக்குள் சாக் (கரு வளரும் நீர்ப்பை) இல்லையென்றால் சந்தேகம் வலுக்கும். குறைவாக இருந்தால் 48 மணி நேரம் கழித்து, அதே லேபில் மறுபடி. படிக்கிற காலத்தில் கருப்பைக்குள் தேங்கிய நீரைப் பார்த்து 'சாக் உள்ளது' என்று எழுதி ஒருத்தியை வீட்டுக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் வெளிறிப்போய்த் திரும்பி வந்தாள். சாக்குக்குள் யோக் சாக் (கருவுக்கான சிறு மஞ்சள்கருப் பை) கண்ணில் படாமல் இப்போது அந்த வரியை எழுதுவதில்லை.

அறுவையில் லேப்ராஸ்கோப் (வயிற்றுக்குள் பார்க்கும் கேமராக் குழாய்) உள்ளே போனதும் எல்லோர் கண்ணும் வீங்கிய ட்யூபுக்குத்தான் போகும். மறுபக்க ட்யூபைப் பாருங்கள். அது ஒட்டுதல் இல்லாமல், நுனி விரல்கள் மலர்ந்து இருந்தால், கெட்டதை எடுத்துவிடலாம். அப்படிப்பட்ட பெண்களிடம் நடந்த ஈசெப் ஆய்வில் (2014), 36 மாதத்தில் இயற்கையாகக் கர்ப்பம் தரித்து நிலைத்தது ட்யூபைக் காப்பாற்றியவர்களில் 60.7%, எடுத்தவர்களில் 56.2%. புள்ளியியல்படி அது வித்தியாசமே இல்லை. எடுக்கும்போது ட்யூபை ஒட்டியே வெட்டுங்கள். சினைப்பைக்குப் போகும் ரத்தம் கெடக்கூடாது.

மறுபக்கம் பழுது, அல்லது ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்றால்தான் சால்பிங்கோஸ்டமிக்கு (ட்யூபைக் கீறிக் கருவை மட்டும் எடுத்து, ட்யூபைக் காப்பாற்றுவது) நான் மெனக்கெடுவேன். மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லிவிட்டு, ஊசி ரத்தக்குழாயில் இல்லை என்று உறிஞ்சிப் பார்த்து, ரத்தக்கசிவைக் குறைக்க, ரத்தக்குழாய்களைச் சுருக்கும் வாசோப்ரெசின் மருந்தை நீர்த்துப் போடுவேன். புடைப்பின் மேல், மீசோசால்பிங்ஸுக்கு (ட்யூபைத் தாங்கி ரத்தக்குழாய்களைக் கொண்டுவரும் சவ்வு) எதிர்ப்பக்கம், நீளவாக்கில் 1 முதல் 1.5 செ.மீ. கீறல். அப்புறம் ஃபோர்செப்ஸால் கிள்ளிக் கிள்ளி எடுக்காதீர்கள். நீரைப் பீய்ச்சினால் கட்டி தானாக நழுவி வரும். படுகை கசிந்தால் அழுத்திப் பிடித்துப் பொறுங்கள். கண்ட இடமெல்லாம் சுட்டால் காப்பாற்றிய ட்யூப் தழும்பாகிவிடும். தையல் வேண்டாம், தானே ஆறும்.

திசு மிச்சம் இருக்கலாம் என்பதால் எச்.சி.ஜி. அற்றுப்போகும்வரை வாராவாரம் பாருங்கள். ரத்த வகை ஆர்.எச். நெகட்டிவ் என்றால், அடுத்த கர்ப்பத்தைக் காக்க ஆன்டி-டி ஊசி. டிஸ்சார்ஜ் சீட்டில் என் கைப்பட ஒரு வரி எழுதுவேன்: "அடுத்தமுறை நாள் தள்ளினால், வலி இல்லாவிட்டாலும் ஆறாவது வாரமே ஸ்கேனுக்கு வரவும்."