நத்தை தலை நீட்டும் வரை: பிள்ளைகளோடு கொல்லைப்புறத்தில் நத்தை பார்க்க

பிள்ளைகளுக்கு நத்தை காட்டலாம் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் நல்ல வெயிலில் கிளம்பி, தோட்டத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, ஒன்றுமே இல்லை என்று திரும்பிவிடுவார்கள். முதல் தடவை நானும் அதைத்தான் செய்தேன். நத்தைக்கு உடம்பெல்லாம் ஈரம், வெயிலில் திரிந்தால் காய்ந்துபோகும், அதனால் பகலில் எங்காவது இடுக்கில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். மழை விட்ட கொஞ்ச நேரத்தில் போங்கள், அல்லது புல்லில் ஈரம் இருக்கும் விடிகாலையில், இல்லையென்றால் இருட்டிய பிறகு டார்ச் எடுத்துக்கொண்டு. எனக்குப் பிடித்தது இருட்டுதான். டார்ச் பிடித்துக்கொண்டு கொல்லைப்புறத்தில் நடப்பதிலேயே பிள்ளைகளுக்குப் பாதி சந்தோஷம் வந்துவிடும், நத்தை கிடைத்தால் மீதி.

பகலில்தான் முடியும் என்றால் நத்தையைத் தேடாதீர்கள், அது போன வழியைத் தேடுங்கள். சுவரிலும் சிமெண்டுத் தரையிலும் வெயில் சாய்வாக விழும்போது பளபளவென்று ஒரு கோடு தெரியும், அது ராத்திரி நத்தை ஊர்ந்துபோன சளித்தடம், காய்ந்திருக்கும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போகச் சொல்லுங்கள். சில கோடு நடுவிலேயே காணாமல் போகும், சில நேரே ஒரு பூந்தொட்டியின் அடியிலோ செங்கல் இடுக்கிலோ போய் முடியும். தொட்டியையும் கல்லையும் தூக்கும் வேலை மட்டும் பெரியவர்களுடையது, அடியில் பூரானோ தேளோ இருந்தால் வம்பு. பார்த்து முடித்ததும் கல்லை இருந்த மாதிரியே வைத்துவிடுங்கள், அது பல உயிர்களுக்கு வீட்டுக் கூரை. எதுவுமே அகப்படாத தோட்டமா? சாயங்காலம் நிழலான மூலையில் பழைய பலகை ஒன்றை நனைத்துப் போட்டு, அடியில் வெள்ளரிக்காய்த் தோலை வையுங்கள். காலையில் மெதுவாகத் தூக்கிப் பாருங்கள்.

தொடுவதற்கு முன்னால் இரண்டு விஷயம். நத்தையைத் தொட்ட கை வாய்க்கோ கண்ணுக்கோ போகக்கூடாது, வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். சில நத்தைகளின் உடம்பில் எலியிடமிருந்து வரும் ஒட்டுண்ணிப் புழு இருக்கும், அது மனிதருக்குள் போனால் மூளை வரை பாதிக்கும், அதனால் இதில் விளையாட்டு வேண்டாம். எதை எடுத்தாலும் வாயில் வைக்கும் வயது என்றால் பார்க்க மட்டும் விடுங்கள், கையில் கொடுக்காதீர்கள். பூச்சிமருந்து அடித்த தோட்டம் என்றால் அங்கே போகவே வேண்டாம். இரண்டாவது, சுவரில் ஒட்டியிருக்கும் நத்தையைப் பிடுங்கி இழுக்காதீர்கள். ஓடு அதன் உடம்போடு ஒட்டிய உறுப்பு, இழுத்தால் காயம்படும். கொஞ்சம் தண்ணீர் தெளித்து, எதிரே ஒரு இலையை நீட்டிக் காத்திருந்தால் அதுவே ஏறி வரும். ஓட்டின் வாயில் காகிதம் மாதிரி ஒரு சவ்வு மூடியிருந்தால் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள், வறட்சிக்குப் பயந்து காய்ந்த சளியால் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறது. அதைக் கிழிக்கவே கூடாது, தூங்கட்டும்.

இனிமேல்தான் கஷ்டமான கட்டம், கஷ்டம் பிள்ளைகளுக்கு இல்லை, நமக்கு. இலையில் ஏறிய நத்தையை நிழலில் வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். தரையைத் தட்டினால் அதிர்வு தெரிந்து உள்ளே போய்விடும், ஆனால் பேசலாம், சிரிக்கலாம், அதற்குக் காது கிடையாது. ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ கழித்துத் தலை நீளும், முதலில் கீழே இருக்கும் குட்டைக் கொம்பு இரண்டு, அப்புறம் மேலே இருக்கும் நெட்டைக் கொம்பு இரண்டு, சிலசமயம் எல்லாம் சேர்ந்தே வரும். இந்த நேரத்தில் நாம் வாயைத் திறந்து பாடம் எடுக்க ஆரம்பித்தால் எல்லாம் கெட்டது. நெட்டைக் கொம்பின் நுனியில் கறுப்பாக ஒரு புள்ளி தெரிகிறதே, அது என்ன என்று பிள்ளையே கேட்கட்டும், கேட்ட பிறகு கண் என்று சொல்லுங்கள். அந்தக் கண்ணுக்கு நம் முகம் எல்லாம் தெரியாது, வெளிச்சமும் நிழலும் தெரியும், அவ்வளவுதான். மோப்பத்துக்கும் தொட்டுப் பார்ப்பதற்கும் கீழ்க்கொம்புகள். பொறுமை இருந்தால் ஓட்டின் ஓரத்தில், அதிகமும் வலது பக்கத்தில், ஒரு சின்னத் துவாரம் திறந்து மூடுவதைப் பார்க்கலாம். நத்தை மூச்சு விடும் வழி அது.

நான் பார்த்ததிலேயே பிள்ளைகளைக் கட்டிப்போடுவது கண்ணாடி வித்தைதான். ஓரம் கூர் இல்லாத கண்ணாடித் தட்டு ஒன்றை நனைத்து அதில் நத்தையை ஊரவிட்டு, தட்டைத் தூக்கி அடியிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். காலே இல்லாமல் எப்படிப் போகிறது என்ற கேள்விக்கு அங்கே பதில் ஓடிக்கொண்டிருக்கும்: வாலிலிருந்து தலையை நோக்கிக் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டை பட்டையாக அலை நகரும். அந்த வயிறு முழுக்க ஒரே பாதம், தசை சுருங்கி விரியும் அலை அது, சளி அதற்கு வழுக்கலும் கொடுக்கிறது பிடிமானமும் கொடுக்கிறது. அப்புறம் மாவைத் தண்ணீரில் கரைத்துக் கண்ணாடியில் மெல்லிசாகத் தடவுங்கள். பசி இருந்தால் நத்தை நக்க ஆரம்பிக்கும், வாய் திறந்து மூடுவதும், உள்ளே இருக்கும் அரம் போன்ற நாக்கு மாவை வழித்துக்கொண்டு போவதும் லென்ஸ் வைத்தால் நன்றாகவே தெரியும். அந்த நாக்கில் ஆயிரக்கணக்கில் பொடிப்பொடிப் பற்கள் உண்டு. கேரட் துண்டு தின்னக் கொடுத்தால் மறுநாள் கழிவு ஆரஞ்சு நிறத்தில் வரும், இந்த ஒரு தகவலுக்காகவே பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து நிற்பார்கள்.

வேகம் அளக்க ஈரத் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, கடிகாரத்தைப் பிள்ளை கையில் கொடுங்கள். நத்தை நேராகப் போகாது, நூலைத் தடத்தின் மேல் வளைத்து வைத்து அளந்தால்தான் சரியான தூரம் கிடைக்கும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: இங்கிலாந்தில் காங்கம் என்ற ஊரில் நடக்கும் நத்தைப் பந்தயத்தில், 1995-இல் ஆர்ச்சி என்ற நத்தை 33 சென்டிமீட்டரை 2 நிமிடத்தில் கடந்தது. உங்கள் நத்தை எதிர்த்திசையில் கிளம்பினாலும் குறித்துக்கொள்ளுங்கள்.

'நத்தை வயிற்றிலும் முத்துப் பிறக்கும்' என்று தாத்தா பாட்டி யாராவது சொல்லியிருந்தால், முத்து எங்கே என்று ஓட்டை உடைத்துப் பார்க்கலாமா என்ற கேள்வி வரும், தயாராக இருங்கள். தோட்டத்து நத்தையில் முத்து கிடையாது. உப்புப் போட்டால் கரையுமாமே என்பதும் வரும். கரையாது, உப்பு அதன் உடம்புத் தண்ணீரை உறிஞ்சி எடுத்துக் கொன்றுவிடும், பரிசோதனைக்குக்கூட வேண்டாம். ஆண் நத்தையா பெண் நத்தையா என்று கேட்டால், தோட்டத்து நத்தைகளில் பெரும்பாலானவை இரண்டுமாக இருக்கும் என்பதுதான் பதில். வெறும் ஓடு கிடைத்தால் கழுவிக் கொடுங்கள், சுருளின் நடு உச்சியில் இருக்கும் குட்டிச் சுற்று அது முட்டையிலிருந்து வெளிவந்தபோதே இருந்தது, மற்றதெல்லாம் பிறகு வாய்ப்பக்கம் சேர்த்துக் கட்டியது.

ராத்திரி தங்கவைக்க ஆசைப்பட்டால் ஈரமண்ணும் இலையும் போட்ட பாட்டில், வாய்க்குக் கொசுவலைத் துணி, ஒரே ஒரு இரவு. மறுநாள் எடுத்த இடத்திலேயே விடுங்கள். விடுவதற்கு முன் ஓட்டின் முதுகில், உடம்பில் படாமல், நெயில் பாலிஷால் ஒரு சின்னப் புள்ளி வைக்கலாம். செடியைத் தின்ற நத்தைகளுக்கு இப்படி அடையாளம் வைத்துத் தூரமாக விட்டுப் பார்த்த ரூத் புரூக்ஸ் என்ற இங்கிலாந்துப் பாட்டி, அவை வீடு திரும்பும் என்று காட்டி 2010-இல் பிபிசி வானொலியின் விஞ்ஞானிப் போட்டியில் ஜெயித்தார். மறுநாள் ராத்திரி டார்ச்சோடு போய், புள்ளி வைத்தது எந்தச் சுவரில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.