மார்கழிக் கச்சேரிக்குச் சென்னை வரும் கல்லூரி மாணவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பருவத் தேர்வு முடிந்த கையோடு, தோளில் ஒரு பையும் பைக்குள் ஒரு படம் வரையும் நோட்டுமாக, மார்கழி மாதக் கர்நாடக இசைக் கச்சேரிகளைக் கேட்பதற்கென்றே சென்னைக்கு வண்டியேறும் வெளியூர் மாணவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். திருச்சியில் பொறியியல் படித்த நான்கு ஆண்டுகளும் நானும் அப்படி வந்தவன்தான். அந்த நாட்களில் நான் செய்த தவறுகள் பெரும்பாலும் ஒரே வேரில் கிளைத்தவை: எத்தனை கச்சேரி கேட்டோம் என்று விரல் விட்டு எண்ணினேனே தவிர, கேட்டதில் எது காதில் தங்கியது என்று பார்க்கவில்லை.

முதல் ஆண்டு, நாளிதழில் வந்த நிகழ்ச்சி நிரலைக் கத்தரித்து, ஒரு நாளைக்கு நான்கு கச்சேரி என்று சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுக்கொண்டேன். நண்பகலில் ஒன்று, இரண்டு மணியளவில் ஒன்று, நான்கு மணிக்கு ஒன்று, மாலையில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் நீளும் பெரிய கச்சேரி ஒன்று. தாளில் பார்க்கும்போது இது நடக்கக்கூடியதாகவே தெரியும். மூன்றாவது கச்சேரியிலேயே காது களைத்துவிடும் என்பதும், நான்காவதில் பாடகர் உயிரைக் கொடுத்துப் பாடும் தோடி ராக ஆலாபனை (பாட்டுக்கு முன் ராகத்தை விரித்துப் பாடுவது) பின்னணி ஓசையாகிவிடும் என்பதும் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் தெரியும். போதாததற்கு ஊரின் தொலைவு. மியூசிக் அகாடமியும் நாரத கான சபாவும் ஒரே டி.டி.கே. சாலையில் இருப்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் ராஜா அண்ணாமலை மன்றம் பாரிமுனைப் பக்கம் இருக்கிறது, கலாக்ஷேத்திரா திருவான்மியூரில் இருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு மேல் இந்த இடங்களுக்கிடையே பேருந்தில் போய், முதல் உருப்படியான வர்ணம் தொடங்குமுன் உட்கார்ந்துவிடலாம் என்று நினைப்பவர் சென்னையின் போக்குவரத்தை அறியாதவர். ஒரு நாளைக்கு ஒரு பேட்டை, இரண்டு கச்சேரி என்று வைத்துக்கொள்வதே போதும்.

அந்த இரண்டையும் மாலைக் கச்சேரிகளாகவே தேர்ந்தெடுப்பது அடுத்த தவறு. புகழ்பெற்றவர்களின் மாலைக் கச்சேரிக்கு அனுமதிச் சீட்டு வாங்க மாணவரின் சட்டைப்பை இடம் கொடுக்காது; கொடுத்தாலும் பின்வரிசைதான் கிடைக்கும். ஆனால் பல சபாக்களில் காலையிலும் நண்பகலிலும் நடக்கும் கச்சேரிகளுக்குக் கட்டணமே கிடையாது. அங்கே பாடுபவர்களில் பலர் உங்கள் வயதினர்; முன்வரிசையில் அமர்ந்து மிருதங்கக்காரரின் விரல்களைப் பார்த்தபடி கேட்கலாம். அகாடமியின் காலை நேர விளக்கவுரைகளைக் கல்லூரிப் பாடம் போலிருக்கும் என்று எண்ணி ஒதுக்கவும் வேண்டாம். 1927-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டின் விளைவாக அடுத்த ஆண்டு பிறந்த அமைப்பு அது. ஆகவே பாடுவதைப் போலவே பாட்டைப் பற்றி வாதாடுவதும் அதற்குப் பிறவிக் குணம். இன்னும் விடியற்காலையில் எழ முடிந்தவர்கள் மயிலாப்பூர் மாட வீதிகளுக்குப் போகலாம். பாடலாசிரியர் பாபநாசம் சிவன் ஆண்டுக்கணக்கில் முன்நின்று பாடிச் சென்ற மார்கழி பஜனை அந்த வீதிகளில்தான் நடந்தது. வாசல் கோலங்களை மிதிக்காமல், பாடிக்கொண்டே போகும் கூட்டத்தின் பின்னால் நடந்த ஒரு காலைப்பொழுது, நான் சீட்டு வாங்கிக் கேட்ட சில கச்சேரிகளைவிட நன்றாக நினைவில் இருக்கிறது.

பாட்டுகளில் வரும் தெலுங்கும் சமஸ்கிருதமும் புரியவில்லையே என்று தயங்குபவர்கள், 1943-இல் தொடங்கப்பட்ட தமிழ் இசைச் சங்கம் டிசம்பரில் நடத்தும் விழாவிலிருந்து தொடங்கலாம். சொல் புரியும்போது நிரவலில் பாடகர் ஒரே வரியை ஏன் திரும்பத் திரும்ப வேறு வேறு விதமாகச் சொல்கிறார் என்பதும் புரிந்துவிடும்.

இனி, இருப்பவற்றில் பெரிய தவறு. கச்சேரியின் முக்கிய உருப்படியில் கற்பனை ஸ்வரங்கள் முடிந்ததும் பாடகர் மிருதங்கக்காரரின் பக்கம் திரும்பித் தலையசைப்பார். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கும். அந்தத் தலையசைப்பையே இடைவேளை மணியாக எடுத்துக்கொண்டு பாதி அரங்கு எழுந்து வெளியே போகும். நானும் ஒருமுறை அந்தக் கூட்டத்தோடு எழுந்து, சபா கேன்டீனில் காப்பிக்கு வரிசையில் நின்று, திரும்பி வரும்போது எல்லாம் முடிந்து கைதட்டல் ஓய்ந்துகொண்டிருந்தது. மறு ஆண்டு நகராமல் உட்கார்ந்தேன். மிருதங்கமும் கஞ்சிராவும் முதலில் ஆளுக்கொரு நீண்ட சுற்று வாசித்தன. பிறகு குறைப்பு வந்தது: எட்டு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்றே ஓர் ஆவர்த்தனம்), நான்கு, இரண்டு, ஒன்று, அரை என்று ஒருவர் வாசித்ததற்கு மற்றவர் மறுமொழி சொல்லும் அளவு சுருங்கிக்கொண்டே போய், கடைசியில் இரண்டும் ஒன்றாகக் கலந்தன. முடிவு நெருங்குவதை அறிவிக்கும் மோரா முழங்கியது; முடிவுக் கணக்கான கோர்வை மூன்று முறை வந்தது. மூன்றாவது முறை அது முடிந்த புள்ளி தாளத்தின் தொடக்கமன்று, அதற்கு அரை இடம் தள்ளி அந்தப் பாட்டின் எடுப்பு, அதாவது பாட்டு தொடங்கும் புள்ளி, இருந்த இடம். அந்த இடத்தில், மூச்சு விடும் நேரம்கூடப் பிந்தாமல், பாடகர் விட்ட வரியைப் பிடித்தார். பதினைந்து நிமிடக் கணக்கு அந்த ஒரு சொல்லில் போய் முடிவதைப் பார்த்தவர் அதன்பின் காப்பிக்கு எழ மாட்டார்.

இதையொட்டிய ஒரு சிறு எச்சரிக்கை. முன்வரிசையில் இருந்துகொண்டு கை ஓங்கித் தொடையில் தட்டித் தாளம் போட வேண்டாம். எடுப்பு அரை இடம் தள்ளியிருக்கும் பாட்டில் பழகாதவரின் கை மெல்ல வழுக்கிவிடும். மேடையில் கணக்கைச் சுமந்துகொண்டிருப்பவரின் கண் எதிரிலேயே ஒரு தவறான தாளம் ஓடிக்கொண்டிருப்பது அவருக்கு எவ்வளவு இடைஞ்சல் என்பதை வாசிப்பவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். விரல்களை மடியில் வைத்து எண்ணினால் போதும். இரவு வண்டியைப் பிடிக்க வேண்டியவர்கள் தனி முடிந்த பிறகு, கடைசியில் வரும் சிறு பாட்டுகளான துக்கடாக்களுக்கு நடுவே, ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன் எழுந்து போவதில் யாருக்கும் மனக்குறை இராது.

கைப்பேசியில் பதிவு செய்வதைப் பெரும்பாலான சபாக்கள் அனுமதிப்பதில்லை. அனுமதித்தாலும், உயர்த்திப் பிடித்த திரை பின்வரிசைக்காரரின் கண்ணைக் கூசச் செய்யும். அந்தப் பதிவை விடுதியில் யாரும் இரண்டாம் முறை கேட்டதாக எனக்கு நினைவில்லை. படம் வரையும் பழக்கம் உள்ளவர்கள் வேறொரு தவறு செய்வார்கள்: பாட்டு நடக்கும்போது பாடகரின் முகத்தை வரைய முயல்வது. முகம் நிற்காது, பாட்டும் போய்விடும். கால் மணி நேரம் முன்னதாகப் போய் உட்கார்ந்தால், சுருதி சேர்க்கும் நேரத்தில் வரைவதற்கு எவ்வளவோ கிடைக்கும். மிருதங்கக்காரர் ஒரு சிறு கிண்ணத்தில் ரவையைப் பிசைந்து மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் நடுவில் அப்பி, கட்டைவிரலால் ஓரத்தை வழித்து, ஒரு தட்டுத் தட்டிக் கேட்டு, மீண்டும் ஒரு சிட்டிகை சேர்ப்பார். வலப்பக்கமான வலந்தலையின் விளிம்பைக் கல்லால் தட்டிச் சுருதி பார்ப்பார். என் நோட்டில் தேறிய படங்கள் அந்தக் கைகள் மட்டுமே.

பயணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. அரையாண்டு விடுமுறையும் கிறிஸ்துமஸும் சேரும் வாரத்தில் மலைக்கோட்டை விரைவு வண்டியில் கடைசி நேரத்தில் இடம் கிடைக்கும் என்று நம்பக் கூடாது. பேருந்தில் வருபவர்கள் கிளாம்பாக்கத்தில் இறங்குவார்கள். அங்கிருந்து மயிலாப்பூர் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் என்பதைக் கணக்கில் கொள்ளாமல் காலைக் கச்சேரிக்குத் திட்டமிடுவது வீண். தங்குவதற்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் மாணவருக்குக் கட்டுப்படியாகும். அங்கிருந்து பறக்கும் ரயிலில் மூன்றாவது நிறுத்தம் திருமயிலை. கேன்டீன் சாப்பாட்டை ஒருநாள் ருசி பார்க்கலாம், தினமும் சாப்பிட்டால் ஊர் திரும்பக் காசு இருக்காது.

கடைசியாக ஒன்று: ஆலாபனை தொடங்கியதும் ராகத்தின் பெயரைக் கைப்பேசியில் தேடுவது. அருகில் இருப்பவரைக் கேட்பதற்கு வெட்கப்பட்டு நானும் அப்படித்தான் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு நண்பகல் கச்சேரியில், பக்கத்து நாற்காலியில் ஃபிளாஸ்க்கும் ஸ்வெட்டருமாக உட்கார்ந்திருந்த மாமி ஒருவர் என் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "காம்போதி இல்லப்பா, யதுகுல காம்போதி. அது வேற, இது வேற. பாட்டு முடியட்டும், சொல்றேன்" என்றார். முடிந்ததும் இரண்டையும் மெல்லிய குரலில், ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகியபடியே பாடிக் காட்டினார். நான் எழுதியிருந்த பெயருக்கு முன்னால், இடம் போதாமல் சாய்த்து நுழைத்த 'யதுகுல' அந்த நோட்டில் இன்னும் இருக்கிறது.