எங்கே தோற்றது என்று கேளுங்கள்

வறட்சியையும் பருவம் தப்பிய மழையையும் சமாளித்த அனுபவத்தை விவசாயிகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள ஒரு கூட்டம் போடப் போகிறீர்களா? மைக்கையும் மேடையையும் விட்டுவிடுங்கள். நான் நடத்திய முதல் கூட்டத்தில் இரண்டும் இருந்தன. மூன்று பேரே பேசித் தீர்த்தார்கள். விதை எடுத்துவைக்கும் பெண்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார்கள். இப்போதெல்லாம் வயலில்தான் கூடுகிறோம். பதினைந்து, இருபது பேர் போதும். முடிந்தால் நல்ல மழைக்கு மறுநாள் கூடுங்கள். தண்ணீர் எங்கே தேங்கியது, எந்த வரப்பு உடைந்தது என்று நிலமே காட்டிவிடும்.

‘என்ன செய்கிறீர்கள்?’ என்று கேட்டால் பெருமைதான் வரும். ‘மழை பொய்த்த வருஷம் எது தப்பிச்சது, எது போச்சு?’ என்று கேளுங்கள். இதைக் கேட்காமல் நானே மாட்டிக்கொண்டேன். மணற்பாங்கான நிலத்தில் வறட்சி தாங்கிய விதையை ஆசையாக வாங்கிவந்து களிமண்ணில் விதைத்தேன். நீர் தேங்கி வேர் அழுகிவிட்டது. கொடுத்தவர் மேல் தப்பில்லை, எந்த மண் என்று நான் கேட்கவே இல்லையே! அன்றிலிருந்து ஒவ்வொரு பொட்டலத்தோடும் ஒரு சீட்டு: மண், விதைத்த மாதம், மழை வந்த நாள், எங்கே தோற்றது. கடைசி வரி காலியாக இருந்தால் பொட்டலத்தை வாங்குவதில்லை.

உழவு முறைக்கும் இதே கதைதான். மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா பாசோவில் யாகூபா சவதோகோ என்ற விவசாயி, வறண்ட நிலத்தில் குழி வெட்டி விதைக்கும் ‘ஸாய்’ என்னும் பழைய முறையை 1980களின் வறட்சியில் கையில் எடுத்தார். குழியைப் பெரிதாக்கி, மழைக்கு முன்பே எரு போட்டார். எருவைத் தேடிக் கரையான் வரும். அது துளைத்த வழியில் மழைநீர் இறங்கும். பார்க்கப் போனவர் குழியின் அளவை மட்டும் குறித்துக்கொண்டு வந்தால் அவருக்குக் கிடைப்பது வெறும் பள்ளம். அதனால் செய்பவர் கையாலேயே ஒரு குழி வெட்டச் சொல்லிப் பாருங்கள். ‘ஏன்’ என்று நச்சரியுங்கள். சவதோகோ தன் பண்ணையில் ஆண்டுக்கு இருமுறை சந்தை நாள் நடத்தினார். பல ஊர்க்காரர்கள் அங்கே விதையும் அனுபவமும் மாற்றிக்கொண்டார்கள்.

அப்புறம் மழைக்குறிகள். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை விவசாயிகள் ஜூன் மாதக் கடைசியில் கார்த்திகை மீன்கூட்டம் மங்கித் தெரிந்தால் உருளைக்கிழங்கு நடவைத் தள்ளிப்போடுவார்கள். எல் நினோ ஆண்டுகளில் (பசிபிக் கடல் சூடேறி அங்கே மழை குறையும் ஆண்டுகள்) உயரத்தில் படரும் மெல்லிய மேகமே அந்த மங்கலுக்குக் காரணம் என்று 2000இல் வெளியான ஓர் ஆய்வு விளக்கியது. ஆகவே குறி என்றதும் சிரிக்க வேண்டாம். அதற்காக அப்படியே நம்பவும் வேண்டாம், பருவம் நகர்ந்தால் சில குறிகள் பொய்த்துவிடும். பெரியவர் சொன்ன குறி, வானிலை மையம் சொன்னது, உண்மையில் பெய்தது மூன்றையும் ஒரே நோட்டில் எழுதிவாருங்கள். ஒரு பருவத்தை வைத்து முடிவுகட்டாதீர்கள்.

படமெடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். ‘இது எங்களுக்குள்ளேயே இருக்கட்டும்’ என்றால் போனை அணைத்துவிடுங்கள். வெளியார் தமதாக்கிக்கொள்வார்களோ என்ற அந்தப் பயம் வீண் பயமில்லை: காயத்தை மஞ்சள் ஆற்றும் என்ற நம் வீட்டு வைத்தியத்துக்கே 1995இல் அமெரிக்கா காப்புரிமை கொடுத்து, 1997இல் ரத்து செய்தது.

புது முறையை முதலில் ஒரு மூலையில் மட்டும் செய்து பார்க்கச் சொல்லுங்கள். வாங்கிய விதையை அடுத்த பருவத்தில் இரண்டு மடங்காகத் திருப்பித் தரவேண்டும் என்பது எங்கள் கணக்கு. விளையவில்லையா? சரி, சீட்டை மட்டும் கொண்டுவரட்டும். கடைசி வரியை நிரப்பியிருந்தால் கடன் தீர்ந்தது.